ஆலைத்திட்டில் பெண் பார்த்தது

என்னைப் பெண் பார்த்த இடம் ஒரு தீவு. சரியாகச் சொன்னால், தீவு என்று சொல்லுமளவுக்குப் பெரிதில்லை. கடலூர் முதுநகரில் உப்பனாறு கடலோடு சேர்வதற்குச் சற்று முன்னால் தண்ணீருக்கு நடுவே கிடக்கும் திட்டு. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே இரும்பு உருக்கினார்கள் என்பார்கள். அதனால் ஆலைத்திட்டு. பாதி இடிந்த புகைபோக்கி, சுவரைப் பிளந்துகொண்டு அரசமரம் வளர்ந்த துரை பங்களா, துருவேறிய பெரிய கொதிகலன், இவ்வளவுதான் மிச்சம்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துநாலு வயது. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தெருவே வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லியனுப்பியதும் அதே தெருவுக்குத் தெரிந்தது. அப்பா பொறுமை இழந்துவிட்டார். குமராட்சிப் பக்கம் மனைவியை இழந்த ஒருவர் இருந்தார். அவருடைய மூத்த மகன் கல்லூரியில் சேர்ந்திருந்தான். இந்த வரனும் தட்டிப்போனால் அவருக்குத்தான் நான் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்.

இந்த வரன் என் தாய்மாமா கொண்டுவந்தது. மாப்பிள்ளைக்கு நெய்வேலியில் வேலை, வீடு முதுநகரில். இந்தத் தடவை யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட வேண்டும் என்று மாமாதான் திட்டம் போட்டார். இரண்டு குடும்பமும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஆலைத்திட்டைச் சுற்றிப் பார்க்கப் போக வேண்டியது. தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திக்க வேண்டியது. பெண், மாப்பிள்ளை என்ற பேச்சே எடுக்கக்கூடாது. பிடித்திருந்தால் மாப்பிள்ளையின் அம்மா தன் பையில் கொண்டுவரும் பூவைப் பெண்ணின் தலையில் வைப்பார். வைத்துவிட்டால் முடிந்தது. பிடிக்காவிட்டால் பூ பையிலேயே திரும்பிப் போகும், யாருக்கும் தலைக்குனிவு இல்லை.

"பொண்ணு எதுன்னு அவுங்களுக்கு எப்படிடா தெரியும்?" என்று அம்மா கேட்டாள்.

"புளிச்சோறு பரிமாறுறவதான் பொண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ கம்முனு வா, அக்கா."

துணைக்குச் சித்தப்பா மகளை அழைத்துக்கொண்டோம். என்னைவிடச் சின்னவள், நல்ல நிறம். அவளுக்கு அத்தை மகனோடு ஏற்கெனவே பேசி முடித்திருந்ததால் அம்மா யோசிக்கவில்லை.

துறைமுகத்திலிருந்து படகில் போனோம். திட்டில் இறங்கும்போது அம்மா என் காதில், "செருப்பைப் படகுலயே உடு. பெரியவங்க முன்னாடி செருப்போட நிக்காதே" என்றாள். விட்டேன். கரை முழுக்க இரும்பு உருக்கியபோது கழித்துக் கொட்டிய கிட்டம். கறுப்புக் கண்ணாடிச் சில்லு போலப் பளபளக்கும். புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தபடி நடந்தவள், வலது குதிகாலில் ஆழமாகக் கிழித்துக்கொண்டேன். மாமா தன் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டார். பாதத்தை ஊன்ற முடியவில்லை. விந்தி விந்தி நடந்து பங்களாப் படியில் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் கொதிகலன் பக்கமிருந்து வந்தார்கள்.

"அடடே! நீங்களும் ஆலை பாக்க வந்தீங்களா?" என்று மாமா கையை விரித்தார். நாடகத்தில்கூட அப்படி யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு கொதிகலனைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

ஜமுக்காளத்தை விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். நான் எழ முயன்றேன். அதற்குள் தங்கச்சி, "நீ இரு அக்கா, கால் வலிக்கும்" என்று புளிச்சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அந்த அடையாளத்தைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவின் முகம் வெளுத்தது. மாமா வாயைத் திறந்து மூடினார். பெண் இவளில்லை என்று சொல்ல வேண்டுமானால், பெண் பார்க்க வந்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

"எது வரைக்கும் படிச்சே?" என்று மாப்பிள்ளையின் அம்மா தங்கச்சியைக் கேட்டார்.

"எஸ்.எஸ்.எல்.சி.ம்மா."

நானும் அதுதான். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த தன் கணவரிடம் தணிந்த குரலில் பேசினார். எனக்குக் கேட்டது. "கால் சரியில்லாத அக்கா ஒருத்தி இருக்கான்னு நம்மகிட்ட சொல்லவே இல்ல பாருங்க. ஆனா பொண்ணு அம்சமா இருக்கா."

மாமாவைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

படகுக்காரர் கரையிலிருந்து சத்தம் போட்டார். தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிட்டது, இப்போது கிளம்பாவிட்டால் படகு சேற்றில் தட்டிவிடும் என்றார். எல்லாரும் அவசரமாக எழுந்தார்கள். அந்த அம்மா பையைத் திறந்து வாழையிலைச் சுருளை எடுத்தார். பிரித்தார். மல்லிகைச் சரம்.

"இங்க வாம்மா" என்று தங்கச்சியின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கையில் தூக்கோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். எங்களோடு வந்த அப்பா கை கழுவப் போய்த் திட்டின் மறுகோடியில் இருந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சரம் தங்கச்சியின் பின்னலுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"அத்தை" என்றேன்.

அதுவரை எல்லாரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டோம். அந்தச் சொல் என் வாயில் எப்படி வந்ததென்று தெரியாது. அவர் கை நின்றது.

"யாரு உனக்கு அத்தை?"

"பொண்ணு நான்தான். பரிமாற வேண்டியது நான். முடியாம போச்சு."

"உனக்குத்தான் கால்..." என்று இழுத்தார்.

நான் படியில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன். துணி காய்ந்த ரத்தத்தோடு ஒட்டியிருந்தது. பிய்த்தபோது மறுபடி ரத்தம் வந்தது. காலைத் தூக்கிக் காட்டினேன். பெரியவர்கள் முன் அப்படிக் காட்டக்கூடாது. "இப்பதான் கிட்டம் கிழிச்சுது" என்றேன். பிறகு எழுந்து, பாதத்தை முழுக்க ஊன்றி, விந்தாமல் அவரிடம் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அந்த அம்மா மாமாவிடம் திரும்பினார். "ஏங்க, எதுங்க பொண்ணு?"

"பொண்ணா?" என்றார் மாமா, இன்னும் பழைய நாடகத்திலேயே. "நாம ஆலை..."

"ஆலையைத் தூக்கி ஆத்துல போடுங்க. எதுன்னு சொல்லுங்க!"

மாமா என்னைக் காட்டினார். கொதிகலன் பக்கமிருந்து மாப்பிள்ளை வந்து நின்றார். "எனக்கு அப்பவே தெரியும்மா. அந்தப் பொண்ணு தூக்கை எடுத்ததும் இவுங்க மொகம் போன போக்கைப் பாத்தேன்."

"அப்பவே சொல்றதுக்கென்னடா?"

"பொண்ணு பேச்சே எடுக்கக்கூடாதுன்னு நீதானே சொன்னே."

படகுக்காரர் மறுபடி கத்தினார். அந்த அம்மா என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "வாய் ஜாஸ்தியாத்தான் இருக்கு" என்றார். அவர் மகனைப் பார்த்தார். மகன் தலையை மட்டும் அசைத்தார்.

"குனி" என்றார் என்னிடம்.

குனிந்தேன். கொண்டை ஊசி தலையில் குத்தியது. தங்கச்சி தூக்கைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.