மாமா விரல் வைக்கும் பக்கம்

கடைக்கு வர்றவங்க எங்க வீட்டு ஆளை டாக்டர்னு கூப்பிடுவாங்க. பண்றது கம்ப்யூட்டர் ரிப்பேர். நடப்பு என்னவோ பெரிய ஆஸ்பத்திரி நடத்துற மாதிரி. யார் மெஷினைத் தூக்கிட்டு வந்தாலும் முதல் கேள்வி, "நகல் எடுத்து வெச்சீங்களா?" இல்லைன்னா தொடமாட்டார். வேலை முடிஞ்சாலும் சும்மா விடமாட்டார். ஃபைலைத் திறந்து, சேமிச்சு, மூடி, மறுபடி திறந்து பாத்துட்டுதான் எழுந்திருப்பார். அந்தப் பழக்கத்துல அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

அவரோட அக்கா, அதாவது என் அண்ணி, கட்டிக்கிட்டது வேற பாஷைக்காரரை. எங்க எல்லாருக்கும் அவர் மாமா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாமாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு. பிழைச்சு எழுந்தவருக்கு, இத்தனை காலம் பேசின தமிழ் சுத்தமாப் போயிடுச்சு. சின்ன வயசுப் பாஷை மட்டும்தான் மிச்சம். அண்ணிக்கு அதுல நாலு வார்த்தை கூடத் தெரியாது. என்ன பண்ணுவாங்க பாவம்? மாமாவோட அக்கா போன்ல சொல்லச் சொல்ல, தண்ணி, வலி, போர்வை, பயமா இருக்குன்னு ஒவ்வொண்ணையும் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல்ல அந்த பாஷை எழுத்தைத் தேடித் தேடி அடிச்சு, பக்கத்துல தமிழ்ல அர்த்தமும் போட்டு வெச்சாங்க. மாமா திரையில விரல் வெப்பார், அண்ணி படிப்பாங்க. புருஷன் பொண்டாட்டி பேச்சு அதுலதான் ஓடிச்சு. சொல்லிக் கொடுத்த அந்த அம்மாவும் போன மழைக்காலத்துல போய்ச் சேர்ந்துட்டாங்க. அந்த பாஷை தெரிஞ்ச வேற யாரும் எங்களுக்குப் பழக்கமில்லை.

எழுத்து பொடிப்பொடியா இருக்கு, மாமாவுக்குத் தெரியலைன்னு அண்ணி சொன்னாங்க. எல்லா பாஷை எழுத்தும் பெருசாத் தெரியுற புது எடிட்டர் சாஃப்ட்வேரைப் போட இவர் கிளம்பினார். "அக்கா வீடுதானே, சட்டுனு முடிச்சிட்டு வாங்க"ன்னு அனுப்பினவ நான்தான். அந்தப் பாவத்துல என் பங்கும் இருக்கு.

நகல் எடுக்கலை. அக்கா வீட்டுல என்ன நகல்னு நினைச்சாராம். எடிட்டரைப் போட்டார், எழுத்துருக்களை ஏத்தினார், அந்த ஃபைலைத் திறந்தார். கண்ணு பாக்குறதுக்குள்ள கை பழக்கத்துல சேமிச்சிடுச்சு. மறுபடி திறந்தா பூராவும் கேள்விக்குறி. பழைய முறையில அடிச்சதைப் புதுசு தப்பாப் படிச்சிருக்கு. சேமிக்காம மூடியிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது. மனுஷன் வாயைத் திறக்காம மூடி வெச்சுட்டு வந்துட்டார்.

என்கிட்ட மட்டும் சொன்னார். சோறு இறங்கலை. கையோட கொண்டுவந்திருந்த அந்த ஃபைல்ல தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டிப் பாத்தார், ஒரு வார்த்தை கூடத் திரும்பலை.

அப்புறம் அண்ணி போன் பண்ணினாங்க. "தம்பி, நான் எதையோ அமுக்கிட்டேன் போலடா. நீ மெனக்கெட்டுப் போட்டுக் கொடுத்ததைக் கெடுத்துட்டேன். கோவிச்சுக்காத."

இவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "பரவாயில்லக்கா."

போனை வெச்சதும் எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். "பரவாயில்லையா? அவங்களை மன்னிக்க நீங்க யாருங்க?"ன்னு கேட்டுட்டேன். என் யோக்கியதை என்ன, நானும் போனைப் பிடுங்கி உண்மையைச் சொல்லலையே.

மறுநாள் ரெண்டு பேரும் போனோம். மாமா கட்டில்ல சாய்ஞ்சிருந்தார், அண்ணி பக்கத்துல.

"அக்கா, நீ எதையும் அமுக்கலை. நான்தான் அழிச்சேன். தெரிஞ்சும் சொல்லாம போயிட்டேன்"னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள இவர் உடைஞ்சு அழுதுட்டார்.

அண்ணி திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். விஷயம் என்னன்னு மாமாவுக்கு ஒண்ணும் புரியலை. எதிர்ல ஒருத்தன் அழறது மட்டும் தெரிஞ்சுது. நல்லா இருக்குற கையை நீட்டி இவர் தோளைத் தொட்டு, நிதானமா ஏதோ சொன்னார். ரெண்டு வார்த்தைதான். சொல்லிட்டு, பதிலுக்கு எங்க முகத்தை மாறி மாறிப் பாத்தார்.

அண்ணி சட்டுனு திரைப்பக்கம் திரும்பினாங்க. அங்க பூராவும் கேள்விக்குறி.

மாமா என்ன சொன்னார்னு எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.