சித்திரபுரத்தில் நல்ல பனி

எழுபதுகளில் பாலக்காட்டில் ஒன்றாக பி.எஸ்சி. படித்தவர்களின் வாட்ஸப் குழு எங்களுடையது. இத்தனை வருடத்தில் என்ன ஆனோம் என்று ஆளுக்கு நாலு வரி எழுதச் சொன்னார்கள்.

பேங்க் மேனேஜர், தாசில்தார், தென்னந்தோப்பு என்று எல்லோரும் எழுதிவிட்டோம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, மலைமேல் சித்திரபுரத்திலேயே தங்கிவிட்ட முருகேசன் மட்டும் பாக்கி.

போன வாரம் அவன் போனிலிருந்து மகள் எழுதினாள்: "நல்ல பனி. அப்பா போர்த்திப் படுத்திருக்காங்க. அப்புறம் எழுதுவாங்க."

பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் இருக்கும் நான் உடனே, "பெருமாட்டியில வெயில் கொளுத்துது அம்மிணி, கொஞ்சம் பனிய இங்க அனுப்பச் சொல்லு" என்று போட்டேன். பதினோரு பேர் சிரித்தார்கள்.

இன்று பஸ்ஸில் போகும்போது அவள் கூப்பிட்டாள்.

"அப்பா நேத்து தவறிட்டாங்க மாமா."

"ஐயோ, என்னாச்சு கண்ணு?"

"நான்தான் எழுதியிருந்தேனே மாமா, பனின்னு."

மலையாளப் பள்ளியில் படித்த பெண். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். தினமும் பாதி நாள் மலையாளம் பேசுகிற நான், அந்த வரியை மட்டும் தமிழாகப் படித்துத் தொலைத்தேன்.

குழுவில் இப்படிப் போட்டேன்: "முருகேசனின் நாலு வரியை உங்களில் யாராவது எழுதுங்கள். படிக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது."