ஈரம் காயாத முப்பத்திரண்டு அச்சுகள்

1958, ஐப்பசி மாதம். கோயம்புத்தூரில் அவிநாசி சாலையை ஒட்டியிருந்த ஒரு பவுண்டரியில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. கிணற்றுப் பம்புகளுக்கான இரும்பு உடல்களை வார்க்கும் இடம் அது. எனக்கு வயது இருபத்து மூன்று. எடை நூற்று ஒரு ராத்தல். கையில் டிப்ளமா இருந்தது, குரல்தான் இல்லை. எனக்குக் கீழே பதினான்கு பேர். அவர்களில் ஒன்பது பேர் நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

“ஏப்பா, உள்ள குருவி ஏதாச்சும் பூந்துருச்சா? கீச்சு கீச்சுங்குது” என்று ஒருவர் கேட்பார். மற்றவர்கள் குனிந்துகொண்டு சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அன்னூரிலிருக்கும் வீட்டுக்குச் சைக்கிளில் போவேன். ஒரு நாள் வழியில் ஆளில்லாத இடமாகப் பார்த்துக் குரலைப் பழக்கினேன். “ஏய், ஆரப்பா அங்க? இங்க வா!” என்று பதினேழு முறை கத்தினேன். பதினெட்டாவது முறை, பருத்திக் காட்டுக்குள்ளிருந்து ஒருவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். “ஏனுங்க தம்பி, கூப்புட்டீங்களா? பாம்பு கீம்பு கடிச்சுப்போட்டுதுங்களா?” என்றார். வெட்கத்தில் அன்னூருக்கு வழி கேட்டேன். பிறந்த ஊருக்கே வழி கேட்டவன் நான்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மண்ணில் அச்சு செய்து, நன்றாகக் காய்ந்தபிறகு அதில் உருக்கிய இரும்பை ஊற்றுவோம். வாரத்தில் இரண்டு நாள் உலை மூட்டுவோம். அச்சு காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் கிடையாது. அச்சு செய்கிறவர்களுக்குத் தலைவரான மோல்டர் புறங்கையை மண்மேல் வைத்துப் பார்ப்பார். அவர் “ஆச்சுங்க” என்று சொன்னால்தான் உலைக்காரர் தீ மூட்டுவார். சூப்பர்வைசரை யாரும் கேட்பதில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மோல்டர் என்னைவிட இரண்டு வயது இளையவர், பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் என்னிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுவார். அதனால் அவர்மேல் கோபப்படவும் வழியில்லை.

மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்த காலை. முப்பத்திரண்டு அச்சுகள் தயாராக இருந்தன. அவர் ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“இன்னைக்கு வேண்டாங்க சார். அடியில ஈரம் நிக்குது. ரண்டு நாள் போகட்டுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று பட்டது.

“இங்க சூப்பர்வைசர் நீயா, நானா? ஒலைய மூட்டச் சொல்லு!”

பழக்கிய குரல் முதல் தடவையாகக் கணீரென்று வந்தது. அவர் உலைக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். உலை மூண்டது. அன்று மதியம்வரை எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஊற்றத் தொடங்கி நான்காவது அச்சிலேயே ஈரம் ஆவியாகி, இரும்பு கொதித்துத் துப்பியது. ஒரு சொட்டுத் தெறித்து மோல்டரின் இடது கையில் விழுந்தது. அவர் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு திரும்பவும் வந்து ஊற்றினார். நான் நிறுத்தச் சொல்லவில்லை. மறுநாள் காலை மண்ணை உடைத்துப் பார்த்தால், முப்பத்திரண்டில் இருபத்தேழு உடல்கள் பணியாரச் சட்டி மாதிரி குழி குழியாக இருந்தன.

முதலாளி வந்தார். நேராக மோல்டரிடம் போனார்.

“ஏப்பா, கை வெச்சுப் பாத்தியா, இல்லியா?”

“பாத்தேனுங்க.”

“பாத்துப்போட்டுமா ஊத்துனே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

“நாளையிலிருந்து நீ வர வேண்டாம்.”

அவருக்கு ஒரு மாதக் குழந்தை இருந்தது. அது பிறந்தபோது எனக்கும் கற்கண்டு கொடுத்தவர். பயம் வந்தால் எதையாவது எண்ணுவது என் வழக்கம். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்தொன்பதுவரை எண்ணினேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தபிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

“நாந்தானுங்க ஊத்தச் சொன்னேன். அவரு வேண்டாம்னாருங்க. நான் கேக்கலீங்க.”

வந்தது என் பழைய குருவிக் குரல்தான். யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்பிடியா? சரி. இருவத்தேழையும் நீங்களே ஒடைச்சு ஒலைக்குப் போடுங்க தம்பி. ஒருத்தரும் கை குடுக்கக் கூடாது” என்றார். மோல்டரை வேலைக்குத் திரும்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது உடலிலேயே என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பின்னாலிருந்து மோல்டரின் குரல் வந்தது.

“சார், சம்மட்டியப் புடிக்கறீங்களா, மாடு ஓட்டறீங்களா? தள்ளுங்க.”

“மொதலாளி கூடாதுன்னாரே?”

“அவரு போயிட்டாருங்க.”

கட்டுப்போட்ட கையோடு அவர் சம்மட்டியை வாங்கிக்கொண்டார். இன்னும் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லாம் உடைந்து முடிந்தபிறகு தண்ணீர்த் தொட்டியருகே அவரிடம் கேட்டேன், ஏன் முதலாளியிடம் அப்போதே சொல்லவில்லை என்று.

“நீங்களே சொல்லுவீங்கன்னுதானுங்க நின்னேன்” என்றார், முகத்தைக் கழுவிக்கொண்டே.

அடுத்த முறை உலை மூட்டும் நாளில் முதலில் அவரிடம்தான் போனேன். “கை என்ன சொல்லுதுங்க?” என்று கேட்டேன். நான் கூப்பிட்டால் திரும்பாத அந்த ஒன்பது பேரும் பிறகு எப்போது திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள் என்று எனக்கு நினைவில்லை. அதை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

பிற்பாடு முப்பத்தொரு வருஷம் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றேன். என் கீழே வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் இப்போதும் எண்ணிச் சொல்லிவிடுவேன். அவர்களில் எத்தனை பேர், நானே பேசுவேன் என்று நம்பி வாயைத் திறக்காமல் நின்றிருப்பார்கள், அவர்கள் வாசலைத் தாண்டும் முன்னால் நான் பேசினேனா என்ற கேள்விதான் இன்றுவரை என்னை விடாமல் துரத்திக்கொண்டே இருக்கிறது.