முப்பத்தெட்டுப் பெண்களின் படங்கள்

என் தம்பி மகள் அல்ஃபியாவின் கேமராப் பை திருடு போனதைப் பற்றி எங்கள் ஊர் யோங் பெங்கில் பல விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அதில் அறுபது பெண்களின் படங்கள் இருந்தன என்கிறார் ஒருவர். பையைச் சாப்பாட்டுக் கடையில் மறந்து வைத்துவிட்டாள் என்கிறார் இன்னொருவர். இரண்டும் தவறு. பெண்கள் முப்பத்தெட்டுப் பேர். பையை அவள் மறக்கவில்லை, பூட்டித்தான் வைத்திருந்தாள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அல்ஃபியாவிடம் படித்துக் காட்டி அவள் சரி சொன்ன பிறகுதான் இது அச்சுக்குப் போகிறது. மற்றப் பெண்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தேதிகளை மாற்றவில்லை.

அல்ஃபியா 1989ஆம் ஆண்டு மார்ச் மூன்றாம் தேதி பிறந்தவள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கூலாய் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனாள். ஒன்பது வருடம், இரண்டு மாதம். பூதக்கண்ணாடி பொருத்திய கேமரா வழியாகச் சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளைப் பார்த்து, எங்கே ஈயப்பற்று விட்டுப்போயிருக்கிறது என்று படம் பிடித்து வைப்பது அவள் வேலை. ஒரு ஷிப்டில் எண்ணூறு பலகை. பிறகு உடன் வேலை பார்த்த ஒரு சீனப் பெண்ணிடமிருந்து பழைய கேமரா ஒன்றை வாங்கினாள்.

2016இல் குளுவாங்கில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். படம் எடுக்க வந்த ஆண்கள் திரைக்கு வெளியே நின்றார்கள். உள்ளே பெண்கள் முக்காட்டைக் கழற்றிவிட்டு மருதாணி போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி கைப்பேசியில் எடுத்த மங்கலான படங்களைத் தவிர அந்த மாலைக்கு வேறு சாட்சி இல்லை. அல்ஃபியா தன் கேமராவோடு உள்ளே போனாள். அன்றிலிருந்து அதுவே அவள் தொழில் ஆயிற்று. பெண்கள் பக்கம் மட்டும் எடுப்பாள்.

எல்லாருடைய கைப்பேசியையும் வாசலில் ஒரு கூடையில் போடச் சொல்லுவாள். படங்களை இணையத்தில் ஏற்றமாட்டாள். பத்து பகாட் ஊரில் ஒரு பெண் நடத்தும் கடையில் மட்டுமே அச்சிடுவாள். இவற்றோடு, யாரும் கேட்காமல் அவளே வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. ஆண்கள் உறங்கும் வீட்டுக்குள் அந்தப் படங்கள் வரக்கூடாது. அவள் வீட்டில் கணவன் மாஹிர், அவனுடைய தகப்பனார், கல்யாணமாகாத தம்பிகள் இருவர். ஆகவே வேலை முடிந்து வந்தால் பையைக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுப்பாள். கேட்டுக்குள்ளே மாமனாரின் வேன் நிற்கும். அவளுடைய வெள்ளை மைவி கார் தெருவில் நிற்கும்.

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அந்த வழக்கம்தான். "அந்தப் புள்ள போட்டோவக்கூட ஆம்பளைங்க இருக்கற வீட்டுக்குள்ள விடாது" என்ற பேச்சு குளுவாங்கிலிருந்து மூவார் வரை போயிருந்தது. பெண்கள் காதுக்கு மட்டும்தான் போயிருக்கும் என்று அவள் நினைத்திருக்கவேண்டும்.

2025 ஜூன் 14, சனிக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த வாரம். குளுவாங்கில் மீரா பீவியின் மகள் நாஸியாவுக்கு மருதாணி. அன்று எடுத்தவை நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். கேமராவில் ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டுகளில் பதியும்படி வைத்திருந்தாள். ஒன்று கெட்டுப்போனால் மற்றது இருக்கும். மறுநாள் காலை நிக்காஹ். ஆகவே பை வழக்கம்போல் காரில் தங்கியது.

ஞாயிறு காலை ஆறு பத்துக்கு மாஹிர் போட்ட சத்தம் அடுத்த வீட்டில் இருக்கும் எனக்கு, அவள் பெரியப்பாவுக்கு, கேட்டது.

"அலமாக்! கண்ணாடிய உடைச்சிட்டானுங்க!"

நான் போனபோது அல்ஃபியா காருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பின்பெட்டியில் குடையும் ஒரு ஜோடிச் செருப்பும் மட்டும் இருந்தன. இரண்டு கேமராக்கள், மூன்று லென்சுகள், ஒரு ஃபிளாஷ், ஏழு கார்டுகள் போய்விட்டன.

"வா, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றான் மாஹிர். "இன்சூரன்ஸ்காரன் இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் கேப்பான்."

"என்னன்னு ரிப்போர்ட் போடறது?"

"கேமரா காணோம்னு போடு. வேற என்ன?"

"கிடைச்சா என்னுதுதான்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? கார்டத்தான போட்டுப் பார்ப்பாங்க. ஸ்டேஷன்ல எத்தன ஆம்பளைங்க இருக்காங்க மச்சான்?"

மாஹிர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

"கிடைக்கலைன்னா?" என்று நான்தான் கேட்டேன்.

"எடுத்தவன் பார்ப்பான். ரெண்டு பக்கமும் செவுருதான் பெரியத்தா."

நிக்காஹ் பதினொரு மணிக்கு. இந்துக் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் மூர்த்தி எங்கள் ஊர்க்காரன். கேமரா களவு போனதை மட்டும் சொல்லி, அவனிடம் இரவல் கேட்டாள்.

"எடுத்துட்டுப் போங்க அக்கா. ஆனா என் கேமரா மேளச் சத்தம் கேட்டே பழகிப்போச்சு. உங்க வீட்டுல அமைதியா இருந்தா தூங்கிடும், தட்டி எழுப்பிக்குங்க" என்று சொல்லி, பேட்டரி இரண்டையும் முழுதாக ஏற்றிக் கொடுத்தான்.

கல்யாண வீட்டில் மீரா பீவி அவளைப் பிடித்து உட்காரவைத்து பிரியாணி பரிமாறியிருக்கிறார்.

"நேத்து எடுத்ததெல்லாம் எப்படி வந்திருக்கு புள்ள?"

"நல்லா வந்திருக்கு மாமி."

"பாவிப் புள்ளைங்க, அம்பத்தேழு வயசுல என்னையும் ஆடவச்சிட்டாளுங்க! அத மட்டும் ஆல்பத்துல போட்டுறாத. சம்பந்தி அம்மா வேற எதுக்க உக்காந்து கை தட்டுனாங்க."

"போடமாட்டேன் மாமி."

நல்லா வந்திருக்கு என்றது ஒன்றுதான் அன்று அவள் சொன்ன பொய். அதற்குப் பிறகு மூன்று நாள் அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மூர்த்தி ஒரு விளம்பரத்தைக் கைப்பேசியில் அனுப்பினான். பழைய பொருள் விற்கும் பக்கம் ஒன்றில் அவளுடைய கேமரா. அடியில் இருந்த கீறல்வரை அடையாளம் தெரிந்தது. விற்பவன் நான்கு படங்கள் போட்டிருந்தான். மூன்றாவதில், கேமரா நன்றாக வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக அதன் பின்திரையை ஒளிரவிட்டு எடுத்திருந்தான். திரையில் ஒரு தாம்பாளம், அதில் மருதாணிக் கூம்புகள், ஓரத்தில் ஒரு பெண்ணின் முழங்கை. முகம் இல்லை. ஆனால் விற்பவன் கார்டைத் திறந்துவிட்டான் என்பதற்கு அது போதும்.

"நான் வாங்கற மாதிரி போய்ப் பேசட்டா அக்கா?" என்று மூர்த்தி கேட்டான்.

"வேணாம் தம்பி."

அவன் கையிலும் அந்தக் கார்டு போகக்கூடாது என்பதை அவனிடமே எப்படிச் சொல்வது? இரவல் கொடுத்த மனிதன்.

புதன்கிழமை மாலை அவளை நானே குளுவாங்கில் மீரா பீவி வீட்டுக்கு அழைத்துப் போனேன். நான் முன்கூடத்தில் உட்கார்ந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் பேசியது முழுதும் கேட்டது. அல்ஃபியா எதையும் குறைக்காமல் சொன்னாள். மீரா பீவி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"யாரு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, அவருக்கு, பெரியத்தாவுக்கு. மூர்த்திக்குக் கேமரா போனது மட்டும் தெரியும்."

"அத்தோட நிக்கட்டும்."

"மாமி, போலீஸ்ல..."

"போலீஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். சம்பந்தி வீட்டுலேருந்து அஞ்சு பேரு வந்திருந்தாங்க. நாஸியா அங்க போயி மூணு நாளு ஆகுது. மூணே நாளு! உங்க தலமுடிய எவனோ உக்காந்து பார்க்கறான்னு இப்பப் போயிச் சொல்லச் சொல்றியா? நீ வாயத் தொறந்தா என் மவ வாழ்க்க போச்சு."

"தொறக்கலைன்னா? நாளைக்கு யாரோட ஃபோன்லயாவது வந்துட்டா?"

"வராது. அல்லாஹ் காப்பாத்துவான்." பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், "நான் ஆடினதும் அதுல இருக்கா?"

"இருக்கு மாமி."

திரும்பும் வழியில் ஆயர் ஹீத்தாம் தாண்டியதும் அல்ஃபியா சொன்னாள்: "மாமி ஒருத்தங்க வேணாம்னு சொல்லிட்டாங்க. மிச்சம் முப்பத்தேழு பேர யாரு கேட்டா?"

வியாழன் முழுதும் அவள் ஒரு தாளில் பெயர் எழுதினாள். படங்களை எடுத்த வரிசையில் நினைவுக்குக் கொண்டுவந்து, முகம் முகமாக எழுதியதாகச் சொன்னாள். இரண்டு பெயர்கள் தெரியாமல், 'பச்சைத் தாவணி', 'நாஸியாவின் தோழி, கண்ணாடி போட்டவள்' என்று எழுதியிருந்தாள். வீட்டை விட்டு வெளியே வரவில்லை. யார் கைப்பேசி ஒலித்தாலும் எழுந்து நின்றாள். மாஹிர் சிங்கப்பூர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவளுக்குத் துணையாக இருந்தான். அவனையும் அவள் பக்கத்தில் உட்கார விடவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜூன் 20, காலை ஒன்பதேகாலுக்குக் காவல் நிலையம் போனோம். பெண் அதிகாரி வேண்டும் என்று கேட்டு நாற்பது நிமிடம் காத்திருந்தோம். வந்தவர் ஒரு மலாய்ப் பெண் சார்ஜன். கார்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அல்ஃபியா சொன்னதும் அவருடைய கை தானாகத் தன் தூடோங் முக்காட்டின் ஓரத்தைச் சரிசெய்தது. நான் மட்டும்தான் பார்ப்பேன், அதை எழுதியே வைக்கிறேன் என்றார். நீதிமன்றத்துக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, பொய் சொல்ல விரும்பவில்லை என்றும் சொன்னார். இத்தனை தாமதம் ஏன் என்பதற்குப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

நான்கு நாளில் விற்பவனைப் பிடித்தார்கள். யாரிடமோ வாங்கினேன் என்றானாம். ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஏழு கார்டுகளில் நான்கு கிடைத்தன. கதவைச் சாத்திக்கொண்டு சார்ஜனும் அல்ஃபியாவும் மட்டும் பார்த்தார்கள். மருதாணிப் படங்கள் ஒரு கார்டில் இருந்தன. அதே படங்கள் பதிந்த இரண்டாவது கார்டு இல்லை. அது எங்கே என்று இன்றுவரை தெரியாது. கிடைத்த கார்டும் அவள் கைக்கு வரவில்லை. வழக்குச் சான்று என்று உறையில் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். வழக்கு முடியும்வரை திருப்பித் தரவும் முடியாது, அழிக்கவும் முடியாது.

"எதுக்கு ரெண்டு கார்டுல எடுத்த?" என்று மாஹிர் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தாங்க முடியாமல் கேட்டான்.

"பத்திரமா இருக்கட்டும்னுதான் மச்சான்."

மறுநாள் அந்தப் பெயர்த்தாளை எடுத்துக்கொண்டு அவள் வீடு வீடாகப் போனாள். பத்து நாளில் முப்பத்தொரு பேரைப் பார்த்துவிட்டாள். தொலைபேசியில் யாரிடமும் சொல்லவில்லை. குளுவாங்கில் ஒரு பெண்மணிக்கு வயது எழுபத்தொன்று. விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"என் நரச்ச முடியப் பார்த்து அவன் என்னடி பண்ணுவான்? அவன்தான் பயந்திருப்பான் லா, பாவம்! போ, போ, சாப்பிட்டுட்டுப் போ."

காஹாங்கில் ஒரு பெண் பாதி கேட்கும்போதே கேட்டைச் சாத்தினாள். கண்ணாடி போட்ட தோழி, தான் என்ன உடுத்தியிருந்தேன், எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒருத்தி, "சொல்லாம இருந்திருக்கலாம்ல? இப்ப நான் எப்படித் தூங்குறது?" என்றாள். ஒப்புக்கொண்டிருந்த நான்கு கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. மீரா பீவி அவள் அழைப்பை எடுப்பதில்லை. கடைசியாக ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியிருந்தார்: மூவாருக்குப் போகாதே.

மிச்சம் இருந்தவர்கள் மூவாரில் சம்பந்தி வீட்டார் ஐந்து பேர், நாஸியா. நாஸியாவுக்கு அவள் தாயார் எதையும் சொல்லவில்லை.

ஜூலை ஆறாம் தேதி, ஞாயிறு, மூன்றரை மணி. மூவாரில் நான் பள்ளிவாசலில் காத்திருந்தேன்; அல்ஃபியா மட்டும் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். உள்ளே நடந்ததைத் திரும்பும் வழியில் அவள் சொன்னபடி எழுதுகிறேன். வீட்டில் மாப்பிள்ளையின் தாயாரும் நாஸியாவும் மட்டும் இருந்தார்கள். ஆண்கள் வெளியே போயிருந்தார்கள்.

"லாத்தா! ஆல்பம் கொண்டாந்தீங்களா?" என்று நாஸியா ஓடிவந்தாள்.

"வாம்மா, வா" என்றார் மாமியார். "நேத்துகூட உன்னப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். என் தங்கச்சி மவளுக்கு டிசம்பர்ல கல்யாணம். உன்ன விட்டா நாங்க யாரக் கூப்பிடறது?"

தேத்தண்ணி வந்தது. வறுத்த வாழைப்பழம் வந்தது. அல்ஃபியா எதையும் தொடவில்லை. கார், பை, விளம்பரம், முத்திரை வைத்த உறை, கிடைக்காத கார்டு என்று முதலிலிருந்து சொன்னாள். அவளுக்கு அதிகம் பிடித்த படம் எது என்பதையும் சொல்லிவிட்டாள். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை என்றாள். மீரா பீவி ஆட, எதிரே இந்த அம்மாள் கொண்டை அவிழ்ந்தது தெரியாமல் கைதட்டிச் சிரிக்கும் படம் அது.

அந்த அம்மாள் எழுந்தார். நாற்காலியின் மேல் கிடந்த துப்பட்டியை எடுத்துத் தலையில் போட்டு, நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டார். கூடத்தில் மூன்று பெண்களைத் தவிர யாரும் இல்லை. சன்னல் சாத்தியிருந்தது. நாஸியா மாமியாரைப் பார்த்தாள், அல்ஃபியாவைப் பார்த்தாள். அவளும் தன் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார் மாமியார்.

அல்ஃபியா குடித்தாள்.