என்ன வரையப் போறீங்க என்று கேட்ட மனிதர்

மரியதாஸ் இறந்த செய்தி எனக்கு ஓர் அச்சு ஓடராக வந்தது. பதுளையில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் அன்று காலை கணினியைக்கூட இன்னும் போடவில்லை. அவருடைய மைத்துனர் அந்தோணி வாசலில் வந்து நின்றார். "அக்கா, மச்சான் போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பெனர் ஒன்னு அடிக்கணும், நோட்டீஸும் வேணும்" என்று சொல்லிவிட்டு ஒரு பென் டிரைவை மேசையில் வைத்தார். "நல்ல போட்டோவாப் பாத்து நீங்களே போடுங்க. எதுன்னு தெரியாம அவரு கம்ப்யூட்டர்ல இருந்ததையெல்லாம் அள்ளிக்கிட்டு வந்துட்டேன்." எத்தனையோ பேருக்கு அந்த நோட்டீஸைச் செய்து பழகிய கை இது. தாஸின் பெயரை இரண்டு தடவை பிழையாகத் தட்டினேன்.

உங்களில் பலருக்கு அவரை ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்த மரியதாஸ் சேராகத் தெரியும். மிச்சம் பிடித்த காசில் கெமராவும் கணினியும் வாங்கி விளையாடும் நாலைந்து பைத்தியங்களான எங்களுக்கோ அவர் சொல்வதுதான் வேதவாக்கு. "மெகாபிக்சலப் பாத்து கெமரா வாங்குறது, கல்யாணக் கார்டப் பாத்து மாப்பிள்ளை எடுக்குற மாதிரி" என்பார். "பெட்டிக்கு வெளிய மினுக்குற லைட்டுக்குக் காசு குடுக்காதீங்க, உள்ள இருக்கிற பவர் சப்ளைக்குக் குடுங்க" என்பார். அவரைக் கேட்காமல் ஒரு மவுஸ்கூட நாங்கள் வாங்கியதில்லை.

பண்டாரவளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கிறது என்று, தொழிற்சாலையிலிருந்து வந்த காய்ந்த தேயிலையை டின்னில் கொட்டி அதற்குள் லென்ஸைப் புதைத்து வைத்திருந்தார். தேயிலை ஈரத்தை இழுக்கும், உண்மைதான். தூள் எங்கே போகும்? "அண்ணே, லென்ஸுக்கு டீ ஊத்தி வச்சிருக்கீங்களே!" என்று தாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அங்கேயே உட்கார்ந்து துடைத்துக் கொடுத்தார். கெமரா வைக்கும் அலுமாரிக்குள் சின்ன பல்ப் ஒன்றைப் பூட்டி, அந்தச் சூட்டில் ஈரம் அண்டாமல் வைக்கப் பழக்கினார். ஒரு தேத்தண்ணீருக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட மனிதர்தான் அவர். அதை மறைத்தால் நான் பொய்க்காரி.

இனி என் கதை. அச்சகத்தில் நான் குத்துவிளக்கும் மாவிலைத் தோரணமும் மவுஸால் வரைகிறவள். மவுஸால் படம் வரைவது செருப்புப் போட்ட காலால் கோலம் போடுகிற வேலை. திரைமேலேயே பேனாவால் வரையும் டேப்லட் ஒன்று என் கைக்கு வந்தால் நம் தோட்டத்துச் சனங்களை வரைய வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. என் பிள்ளைகளுக்கும் தெரியாத அந்த ஆசையைத் தாஸிடம் மட்டும் சொன்னேன்.

"சாமான் அப்புறம் பாக்கலாங்க்கா. மொதல்ல என்ன வரையப் போறீங்கன்னு சொல்லுங்க. அதுக்கு ஏத்ததுதான் வாங்கணும்" என்றார். எவ்வளவு பொறுப்பான கேள்வி! நானும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பிழையாக அச்சடித்த கல்யாண அட்டைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்தும் காட்டினேன். ஆட்களே இல்லாமல் தண்ணீர்ப் பைப்படியில் வாளிகள் மட்டும் வரிசையில் நிற்பது. கொழுந்து நிறுக்கும்போது எல்லாப் பெண்களும் தராசைப் பார்க்க, ஒருத்தி மட்டும் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவை விட்டு நாங்கள் புது வீட்டுக்குப் போன அன்று, பூட்டுவதற்கு முன் அம்மா வாசலைக் கூட்டியது. "விட்டுட்டுப் போற எடத்தை யாருக்கும்மா கூட்டுற?" என்று கேட்டேன். "வர்றவ என்னைய ஏசக்கூடாது" என்றாள். எங்கள் அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். அதையும் சொன்னேன். தாஸ் அட்டைகளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வீட்ல ஆற அமரப் பாத்துட்டுச் சொல்றேங்க்கா."

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அந்தோணிக்கு அப்போது கட்டாரில் வேலை. அவர் லீவில் வருவதற்கு முன், அங்கிருந்து வாங்கி வர வேண்டியதை அவரவர் ஒரு தாளில் எழுதுவோம். தாஸ் பார்த்து, வேண்டாததை வெட்டி, மிச்சத்தை அனுப்புவார். நாலு வருடத்துக்கு முன், மாதக்கணக்கில் தேடிப் படித்து நானே ஒரு டேப்லட்டைத் தெரிவுசெய்து எழுதினேன். தாஸ் பேனாவை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். "அந்த மொடல்ல ஒரு பிரச்சினை இருக்குக்கா, பேனா ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம் போகுது. அடுத்தது வரும், பொறுங்க." பொறுத்தேன். அடுத்த வருடமும் பொறுங்க என்றார். அதற்கடுத்த வருடமும் அதே பல்லவி. என்மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துகூடப் போனேன், மடச்சி.

இதற்கிடையில் இணையத்தில் பெயர் போடாத யாரோ ஒருவர் மலையக வாழ்க்கையைப் படம் படமாக வரைந்து போடத் தொடங்கினார். வாளி வரிசை வந்தது. தராசும் வந்தது. தாஸிடம்தான் ஓடினேன், வேறு யாரிடம் ஓடுவேன்? "பாருங்க தாஸ், நான் நெனச்சத யாரோ வரைஞ்சிட்டாங்க!" போனை வாங்கி, பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஒரே தண்ணியக் குடிக்கிறவங்களுக்கு ஒரே யோசனை வரும்தானே, அக்கா" என்றார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நான் கொஞ்சம் பிந்திவிட்டேன் என்று என்னையே நொந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

நோட்டீஸுக்குப் போட்டோ தேடி அந்தோணி தந்த பென் டிரைவைத் திறந்தபோது, அந்தப் படங்களின் மூலக் கோப்புகள் அத்தனையும் அதில் இருந்தன. பென்சில் கோடு தனியாக, நிறம் தனியாக, அடுக்கடுக்காக. கடைசியில் எங்கும் வெளியிடாத ஒரு படம் இருந்தது. லயத்து வாசல், பச்சைச் சேலை, இடது கையில் விளக்குமாறு. என் அம்மா. முகத்தில் ஒரு சிரிப்பை வைத்திருந்தார் தாஸ். அன்று அம்மா சிரிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அதை மட்டும் நான் சொல்லவில்லை.

"இதெல்லாம் எதுல வரைஞ்சாரு?" என்று அந்தோணியைக் கேட்டேன்.

"நாலு வருசத்துக்கு முந்தி நான் கொண்டாந்தேனே, அதுலதான்" என்று மொடலின் பெயரைச் சொன்னார். தாளில் நான் எழுதிய அதே பெயர். "நல்ல சாமாங்க்கா. இன்னைக்கு வரைக்கும் ஒரு கோளாறு இல்ல."

அடப்பாவி! கூட இருந்தே குழி பறித்தாயே என்று கத்தத் தோன்றியது. செத்தவரை ஏசக்கூடாது என்பார்கள். உயிரோடு இருக்கும்போது ஏச எனக்குத்தான் வாய்ப்புத் தரவில்லையே! பெனரை முடித்தேன். "அன்னாரின் ஆத்மா சாந்தியடைய" என்று தட்டி, எழுத்தைப் பெரிதாக்கி, அவர் முகத்தை வெளிச்சமாக்கிக் கொடுத்தேன். கோயிலிலும் கல்லறையிலும் அழவில்லை. என் கண்ணில் தண்ணீர் இல்லாததைக் கண்டு சிலர் ஒரு மாதிரிப் பார்த்தீர்கள். காரணம் இதுதான்.

முப்பத்தொன்றாம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவர் மனைவி ஸ்டெல்லா கேட்டபோது, என்னால் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அந்த யோசனைகள் யாருடையவை என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு உள்ளே போய் டேப்லட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்லும் பெருந்தன்மை எனக்கு இல்லை. எடுத்துக்கொண்டேன்.

"எழுதுங்கக்கா" என்றாள். "நல்லவரு, வல்லவருன்னு எல்லாரும் எழுதுறாங்க. நீங்க நடந்ததை எழுதுங்க. இப்பதான் எனக்கு ஒன்னு வெளங்குது. படம் வரையிறப்பல்லாம் உங்களைப் பத்தி ஒரே ஒரு பேச்சுத்தான் பேசுவாரு. 'அந்த அக்கா கையில மட்டும் இது கெடைச்சிச்சின்னா, அப்புறம் என் படத்தை ஒரு நாயும் பாக்காது'ன்னு. நான் சும்மா பகிடிக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். அவருக்காகவா, எனக்காகவா என்று கேட்காதீர்கள். என் கோடு எப்படிப்பட்டது என்று இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை. தெரிந்த ஒரே ஆளும் அதைத் தன் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு என்னைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.

தாஸிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு பேச்சைத்தான். மன்னிப்பு இன்னும் வரவில்லை, வந்தால் சொல்கிறேன். ஆனால் ஒன்று, தாஸ். அதை என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தால், அந்தப் படங்களையெல்லாம் நீங்களே வரையுங்கள் என்று நானே கொடுத்திருப்பேன்.