அறுந்த கோடு

முதலில் ஒன்றுமே கொடுக்காமல் பார்ப்பாள். பிறகு ஒரே ஒரு எண். அப்புறம் ஒரு வருடத்து எண்களை மொத்தமாகத் தலையில் கொட்டுவாள். சார்ட் வரையும் மென்பொருள் எது சோதனைக்கு வந்தாலும் அவளிடம் இந்தப் பாடுதான். அது திணறினால், "என்னடா கண்ணா, அதுக்குள்ள மூச்சு வாங்குது?" என்று திரையைப் பார்த்துக் கேட்பாள். கல்யாணமே ஆகாத அவளுக்கு ஆபீசில் வைத்திருக்கும் பெயர் மாமியார். அவளுக்கும் அது தெரியும், கோபமெல்லாம் கிடையாது.

திடீரென்று எழுந்துபோய்த் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன் திரையை எட்டிப் பார்ப்பாள். கேட்டால், "கண்ணு தெரியாதவங்களும் பார்ப்பாங்கல்ல?" என்பாள். மேஜை இழுப்பறையில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் ஒன்று உண்டு. அதிலும் சார்ட் திறந்தால்தான் அடுத்த பேச்சு.

இந்த முறை செய்துகொடுக்க வேண்டியிருந்தது சர்க்கரை நோயாளிகளுக்கான இணையச் செயலி. வீட்டில் விரலைக் குத்திப் பார்த்து அளவைப் பதிய வேண்டும். டாக்டர் அதைக் கோடாகப் பார்ப்பார். அந்தக் கோட்டை வரைய, டீம் லீடுக்கு ஒரு மென்பொருள் கருவியின் மேல் கொள்ளை ஆசை. "வளைவெல்லாம் பட்டு மாதிரி வழுக்குதும்மா!"

அவள் அதற்குத் தன் அக்காவின் அளவுகளைக் கொடுத்தாள். அக்காவுக்குச் சர்க்கரை வந்து வருடங்கள் ஆகின்றன. வாய்க்கு ருசியாக எதையாவது சாப்பிட்டுவிட்டால், பயந்துகொண்டு சில நாட்கள் சர்க்கரை பார்க்கும் மெஷினைத் தொடவே மாட்டாள். கால் விரல் ஒன்று ஏற்கெனவே மரத்துப்போயிருக்கிறது. அந்தக் கவலை அக்காவைவிடத் தங்கைக்குத்தான் அதிகம். கருவியோ, குத்தாத அந்த நாட்களின் மேலும் வழவழவென்று ஒரு வளைவைப் போட்டு இரு முனைகளையும் சேர்த்துவிட்டது. அதை மாற்ற வழி உண்டா என்று தோண்டித் துருவிப் பார்த்தாள். இல்லை.

"சார், இது பொய் சொல்லுது."

"அழகா சேத்துதானேம்மா காட்டுது? நடுவுல அறுந்து கிடந்தா, ஆப் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க."

"பாக்காத நாளுக்கு நாம எப்படி சார் கோடு போடலாம்?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். செயலியைக் கேட்டிருந்த டாக்டரம்மாவே பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவானது.

பட்டு வளைவைப் பார்த்த டாக்டரம்மா, "பரவாயில்லையே, கட்டுப்பாட்டுலதான் இருக்கு" என்று நகர்ந்துவிட்டார். அடுத்து, மாமியாருக்குப் பிடித்த கருவி. பார்க்க ரொம்பச் சாதாரணம். அளவு இல்லாத இடத்தில் கோடும் இல்லை. டாக்டரம்மாவின் விரல் நேராக அந்த வெற்றிடத்தில் போய் நின்றது.

"இங்க என்ன ஆச்சு? இவங்களுக்குப் போன் போட்டுக் கேக்கணுமே!"

டீம் லீட் சிரித்துவிட்டார். "சரி மாமியாரே, இந்தப் பொண்ணையே பேசி முடிச்சிடுவோம்."

செயலி வந்த வாரமே அக்கா வீட்டுக்குப் போய் அக்காவின் போனிலேயே திறந்து, மெஷினில் இருந்த அளவுகளை ஏற்றிக் காட்டினாள்.

"ஏண்டி, நடுநடுவே அறுந்து கிடக்கு? இதுதான் நீ வேலை பாக்குற லட்சணமா?"

"அது என் வேலை இல்லக்கா. உன் வேலை."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கோடு கடைசியாக நின்றுபோயிருந்த இடம் முந்தாநாள். எழுந்துபோய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, விரலைத் தங்கையிடம் நீட்டினாள்.