சுமை ஏறினால் அணையும் விளக்கு

வண்டிதான் சரியாகி ஓடுகிறதே, அப்புறம் அதற்கு என்ன வந்தது என்று தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது? உன் வீட்டில் வண்டியும் இல்லை, ஓட்டுகிற ஆளும் இல்லை. அடுத்தவர் வண்டிக்கு அடியில் தலையை விடுகிற புத்தி நல்லதில்லை. அந்தப் புத்தி எனக்கு இருந்ததே போதும். சரி, கேட்டுத் தொலை. எதிர் வீட்டுக்காரி காதுக்கு மட்டும் போகக்கூடாது.

என் மகன் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினான். பாலக்கோடு மண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு, விடிவதற்கு முன்னால் கிளம்பி, தொப்பூர் இறக்கம் வழியாகச் சேலம் போய் இறக்கிவிட்டு வருவான். வாங்கின வண்டியை வாங்கினபடி ஓட்டினால் ஆகாதா? சைலன்சரைக் கழற்றிவிட்டு, உறுமுகிற மாதிரி பெரிய குழாய் வைத்தான். முன்னால், பின்னால், பக்கவாட்டில் எல்லாம் கலர் விளக்கு. காரிமங்கலம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்தான் அத்தனையும் செய்து கொடுத்தான்.

வண்டி தெருவுக்குள் வந்தபோது எதிர் வீட்டுக்காரி கோலமாவைக் கையில் வைத்துக்கொண்டு, புள்ளி வைக்க மறந்து பார்த்தாள்.

"எங்க பார்த்தாலும் லைட்டா இருக்குதுங்களே. கண்ணு கூசுது" என்றாள்.

கூசின கண்ணை மூடவேண்டியதுதானே. மூடவில்லை.

இருபது நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு பிரேக் விளக்கு அணைய ஆரம்பித்தது. காலி வண்டியில் எரியும். தக்காளி ஏற்றினால் பியூஸ் போய்விடும். தொப்பூர் இறக்கத்தில் இவன் பிரேக் போட்டது பின்னால் வந்த லாரிக்காரனுக்குத் தெரியவில்லை.

"கை நீட்டுனா தொட்டுடலாம்மா. அவ்ளோ கிட்ட வந்து நின்னான்" என்று களியை உருட்டிக்கொண்டே சொன்னான். அவனுக்கு உள்ளே போனது. எனக்குப் போகவில்லை.

மெக்கானிக்கிடம் மூன்று தரம் போனான். மூன்று தரமும் அவன் புது பியூஸ் போட்டு அனுப்பினான். மறுநாள் சுமை ஏறியதும் அதே கதை. எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆட்டின் காலில் முள்ளை வைத்துவிட்டு, எடுத்துவிடக் கூலி கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மகன்மேலும் சந்தேகம்தான். சட்டையெல்லாம் புகை நாற்றம், தலைவலி வேறு. பீடி குடிக்கிறான் என்று முடிவு கட்டி, அவன் தூங்கும்போது பையைத் துழாவினேன். சீப்புதான் இருந்தது.

நாலாம் தரம் பட்டறைக்கு நானும் ஏறிக்கொண்டேன்.

"நீ எதுக்கும்மா அங்க?"

"காத்து வாங்க."

மெக்கானிக் முக்காலியைத் துடைத்துப் போட்டான். "உக்காருங்க ஆயா. டீ சொல்லட்டுங்களா?"

"டீ வேணாம். எங்கண்ணுக்கு முன்னால வேலையப் பாரு, அது போதும்."

அவன் புது பியூஸைப் போட்டுவிட்டு, சோதனை பல்பை வைத்துக் கம்பி கம்பியாகத் தொட்டுப் பார்த்தான். மகன் பிரேக்கை மிதித்தான். பின்னால் சிவப்பாக எரிந்தது.

"பாத்தீங்களா ஆயா? ஒரு கொறையும் இல்ல."

"பொண்ணு பாக்க வரப்போ எல்லா மாப்பிள்ளையும் நல்லவந்தான். சுமைய ஏத்திப் பாரு."

அவனுக்குச் சுருக்கென்றது. பக்கத்து டீக்கடையில் நின்ற எட்டுப் பேரைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றினான். அவர்கள் டம்ளரோடு ஏறினார்கள். வண்டி தாழ்ந்தது. மகன் பிரேக்கை மிதித்தான். அடியில் 'பட்'டென்று ஒரு பொறி. விளக்கு அணைந்தது.

மெக்கானிக் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தான். எதையோ அறுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் தலையை மட்டும் வெளியே நீட்டி, "ஆயா, இங்க கொஞ்சம் குனியறீங்களா" என்றான். குரல் தணிந்திருந்தது.

அவன் உள்ளங்கையில் கரி பிடித்த ஒரு செப்புத் தகடு.

எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரி கண் வைத்த மறுநாளே கோயிலில் மந்திரித்து வாங்கிவந்த தகடு அது. "கண்ணாடில எதையும் தொங்க விடாத, ரோட்ட மறைக்கும்" என்று மகன் சொல்லியிருந்தான். அதனால் அவன் குளிக்கிற நேரம் பார்த்து, வண்டிக்கு அடியில் கறுப்பாக ஓடுகிற வயர்க் கட்டில் இறுக்கிக் கட்டிவிட்டேன். கட்ட அதுதான் வாகாக இருந்தது.

"சூட்டுல வயரு தோலு உருகிப் போச்சு. சுமை ஏறுனா தகடு கீழ இருக்கற இரும்புல முட்டுது. அதான் பியூஸ் போவுது. இத யாருங்க கட்டுனது?"

நான் குனிந்தபடியே டார்ச்சை வாங்கி உள்ளே அடித்தேன். வயருக்குப் பக்கத்திலேயே புதுக் குழாயைப் பற்றவைத்த ஒட்டு. சுற்றிலும் அப்பின மாதிரி கரி.

"வயருக்கு அந்தச் சூடு எங்கிருந்து வந்துச்சுப்பா? இந்தக் கரி யாரு பூசுனது?"

அவன் ஸ்பேனரால் ஒட்டைத் தட்டிப் பார்த்தான். ஒட்டு சரியாகப் பிடிக்காமல் புகை ஒழுகியிருக்கிறது. மகனின் தலைவலியும் சட்டை நாற்றமும் அங்கிருந்து வந்தவைதான். என் தகடு மட்டும் இருந்திருந்தால் வயரின் தோல் உருகியிருக்காது. அவன் ஒட்டு மட்டும் ஒழுகியிருந்தால் பியூஸ் போயிருக்காது. இரண்டு பேரும் சேர்ந்துதான் என் பிள்ளையை லாரிக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறோம்.

"என்னாண்ணா அங்க?" என்று மகன் மேலிருந்து கேட்டான்.

மெக்கானிக் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"எலி கடிச்சிருக்குப்பா" என்றான்.

"பெரிய எலி" என்றேன் நான். தகடு என் சுருக்குப்பைக்குள் போனது. "ஒட்டையும் புதுசா வெச்சுக் குடுத்துடு தம்பி. வயர குழாய்க்குத் தூரமா இழுத்துக் கட்டு. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். திரும்ப அந்த எட்டுப் பேரையும் ஏற்றி, பத்துத் தரம் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பத்துத் தரமும் எரிந்தது. மறுநாள் மகன் சேலத்திலிருந்து வந்து இறங்கும் வரை நான் வாசலைவிட்டு நகரவில்லை.

"கடைசி வரைக்கும் எரிஞ்சுதும்மா" என்றான். சட்டையை மோந்து பார்த்தேன். வேர்வை நாற்றம் மட்டும்தான். நல்ல நாற்றம்.

எதிர் வீட்டுக்காரி இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வண்டிக்கு என்னாங்க ஆச்சு? கண்ணு கிண்ணு பட்டுடுச்சுங்களா?"

"கண்ணெல்லாம் இல்லம்மா. எலி வயர கடிச்சிடுச்சு" என்றேன். "உங்க வூட்ல ஒரு பூனை வளக்கறீங்களே, அது ராத்திரியில என்னாதான் பண்ணுது?"